ஜாதகம் பார்த்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சா?

பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். செவ்வாய் தோஷம் உண்டா என்று மூன்று ஜோசியரிடம் கேட்கிறார்கள். பந்தல், சமையல், மேளம் எல்லாம் பேசி முடிக்கிறார்கள். ரத்தத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

விளைவு? கொழுகொழுவென்று இருந்த குழந்தை சில மாதங்களில் வெளுத்துப் போகிறது. வயிறு வீங்குகிறது. டாக்டர் சொல்லும் பெயர் 'தலசீமியா'. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் இருதயத்திலும் ஈரலிலும் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற வேறு மருந்து. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகலாம். ஆனால் பொருத்தமானவர் கிடைக்க வேண்டும், பணமும் வேண்டும்.

உடனே வீட்டில் கிளம்பும் பேச்சு என்ன? "மருமக வந்த நேரம் சரியில்லே!"

இது அபாண்டம். தாயிடமிருந்து பழுதான மரபணு ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய். ஒன்று மட்டும் உள்ளவர் நம்மைப் போல நடமாடுவார். தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படி இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. "மூத்தது இப்படி ஆச்சு, அடுத்தது நல்லா பொறக்கும்" என்ற கணக்கு செல்லாது.

தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். ஒரே பாட்டன் வழியில் வந்த பழுது இருவரிடமும் இருக்கக்கூடும் என்பதால், சொந்தத்தில் ஆபத்து கூடுகிறது. அன்னியத்தில் கட்டினாலும் தப்பினோம் என்று சொல்ல முடியாது.

சைப்ரஸ் என்ற சின்னத் தீவில் இந்த நோய் மிக அதிகம். 1980களில், கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று அங்குள்ள திருச்சபையே கேட்டது. கல்யாணத்தைத் தடுக்கவில்லை, விஷயத்தைத் தெரிந்துகொள்ளச் செய்தது. நோயோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்றாகிவிட்டது.

இங்கே 2016 சட்டம் தலசீமியாவை ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நல்லது. ஆனால் வந்தபின் சலுகை தருவதைவிட வருமுன் காப்பதல்லவா மேல்? தாலுகா ஆஸ்பத்திரி வரை இந்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். ஏற்கனவே மணமானவர்கள் கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் கேட்க வேண்டும். கருவிலேயே கண்டறிய வழி உண்டு.

பெற்றோர்களே, நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும் முன் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்!