காலி கேசட்டும் ஸ்டாம்பும்

கச்சேரி ரெக்கார்டிங் வேணும்னா லிங்க் கேளு, வந்ததும் ஒரு தம்ஸ்-அப் போடு, முடிஞ்சுது கதை. இதுல மரியாதை, முறைன்னு பேச என்ன இருக்குன்னு நம்மள்ல பல பேர் நினைக்கிறோம். நிறைய இருக்குன்றது என் கட்சி. சாட்சிக்கு அமெரிக்காவுல கேசட்டைத் தபால்ல அனுப்பிக்கிட்டிருந்த ஒரு ரசிகர் கூட்டத்தைக் கூப்பிடுறேன்.

கிரேட்ஃபுல் டெட் ஒரு கலிஃபோர்னியா ராக் இசைக்குழு. 1965-லேர்ந்து 1995 வரைக்கும் 2,300-க்கும் மேல கச்சேரி. ஒரு நாள் வாசிச்ச மாதிரி மறுநாள் வாசிக்க மாட்டாங்க. அதனால ஒவ்வொரு கச்சேரியும் தனிச்சரக்கு. ரசிகர்கள் மைக்கோட வந்து ரெக்கார்ட் பண்ணினாங்க. குழு துரத்தல. 1984-ல மிக்சிங் போர்டுக்குப் பின்னாடி அவங்களுக்குன்னே தனி இடம், தனி டிக்கெட் கொடுத்துட்டாங்க. ஒரே நிபந்தனை: விக்கக் கூடாது.

காசு கைமாறக் கூடாதுன்னா எப்படிப் பகிர்றது? கையில கேசட்டே இல்லாத புது ஆள் காலி கேசட்டும் திரும்பி வர்றதுக்கான ஸ்டாம்பும் அனுப்புவார். இருக்கிறவர் காப்பி எடுத்துத் திருப்பி அனுப்புவார். இங்கதான் நாம மறந்த ஒரு விஷயம் இருக்கு. வேகமா காப்பி எடுத்தா ஒலி கெடும்னு, ஓடுற வேகத்துலதான் எடுப்பாங்க. மூணு மணி நேரக் கச்சேரின்னா ரெண்டு 90 நிமிஷக் கேசட், மூணு மணி நேரம், நடுவுல எழுந்து பக்கம் மாத்தணும். அப்போ ஒரு கச்சேரி கேக்கறதுன்னா முகம் தெரியாத ஒருத்தரோட ஒரு சாயங்காலத்தைக் கேக்கறது. அதனாலதான் பிளாஸ்டிக் டப்பாவைக் கழட்டிட்டு அனுப்பு, ஸ்டாம்பைச் சரியா வை, லேபிள்ல நீ எதுவும் எழுதாதேன்னு அத்தனை கறார். பார்க்க அல்பமா இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் கொடுக்கிறவரோட நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்துற விதி.

ஈ.சி.இ. மக்களுக்குப் பிடிச்ச பகுதி இது. அனலாக் காப்பி ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். ரெண்டு கேசட்டோட இரைச்சலும் சமம்னா, ஒரு காப்பிக்கே 3 டெசிபல் ஏறிடும். அதனால இது எத்தனாவது தலைமுறைக் காப்பின்னு சொல்லியே ஆகணும். நல்ல ரெக்கார்டிங் ஒண்ணு வந்தா மரம் போட்டுப் பரப்புவாங்க, நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்துல வர்ற அதே மரம்தான். வேர்ல இருக்கிறவர் 5 பேருக்கு, அந்த 5 பேர் ஆளுக்கு 5 பேருக்கு, அவங்களும் அப்படியே. மூணே படியில 155 பேர். யாருக்கும் மூணாவது தலைமுறைக்கு மேல கிடையாது. சங்கிலியா அனுப்பியிருந்தா கடைசி ஆளுக்கு 155-வது காப்பி, அதாவது வெறும் இரைச்சல். ஆனா நடுவுல ஒருத்தர் சோம்பேறித்தனமா வச்சுக்கிட்டா அவருக்குக் கீழ இருக்கிற கிளை முழுக்கக் காஞ்சுடும். வாங்கினதும் கீழ அனுப்புன்ற விதியோட வேலை அதுதான்.

அவங்க எல்லாரையும் கும்பிடச் சொல்லல. அதுலயும் பந்தா பார்ட்டிங்க உண்டு. உன்கிட்ட என்ன லிஸ்ட் இருக்கு, ஒண்ணு வேணும்னா ரெண்டு கொடுன்னு புதுசா வர்றவங்களை மிரட்டினவங்க. இது எனக்குச் சுத்தமா பிடிக்கல. எல்லாருடைய லிஸ்ட்டும் ஒரு நாள் காலியாத்தான் இருந்துச்சு. கொடுக்கிறதால என்ன கிடைக்கும்னா, கார்னெல் பல்கலைக்கழகத்துல 1977 மே 8 அன்னைக்கு நடந்த கச்சேரியைப் பாருங்க. குழுவோட சவுண்ட் இன்ஜினியர் பெட்டி கேன்டர் ஜாக்சன் பதிவு பண்ணினது. அதிகாரபூர்வமா வெளிவந்தது 2017-ல. அதுக்கு முன்னாடியே ரசிகர்கள் காப்பி எடுத்து எடுத்து அதைப் பிரபலமாக்கிட்டாங்க. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளோட 2011 பட்டியல்ல அதைச் சேர்த்துச்சு. அலமாரியில பூட்டி வச்சிருந்தா இது நடந்திருக்குமா?

இப்ப நம்ம பக்கம் வருவோம். தபால் போச்சு, கேசட் போச்சு. தலைமுறை மட்டும் போகல. நம்ம கல்ச்சுரல்ஸ்ல பசங்க வாசிச்ச வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்புது. அதை ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி இன்னொருத்தர், அதை வெட்டி ஸ்டேட்டஸ்ல வேறொருத்தர். டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேக்குது. யார் வாசிச்சாங்க, எந்த வருஷம், யார் எடுத்தாங்க, ஒண்ணும் இருக்காது. ரெண்டு பேட்ச் தாண்டினா அந்தப் பையன் பேரைச் சொல்ல ஆளே இருக்காது. டாகுமென்ட்டா அனுப்ப ஒரு தட்டு கூட. ஃபைலுக்கு நாள், இடம், பேர் வைக்க இருபது விநாடி. அந்தக் காலத்து ஆள் மூணு மணி நேரம் கொடுத்தார் மச்சி.

இன்னொண்ணு, இதுல எனக்கு விட்டுக்கொடுக்கிற உத்தேசமே இல்ல. கிரேட்ஃபுல் டெட் சம்மதிச்சுது, அதனால பகிர்ந்தாங்க. மேடையில இருக்கிறவர் வேண்டாம்னு சொன்னா ஃபோன் பாக்கெட்டுக்குள்ள போகணும், அவர் சினிமா பாடகரா இருந்தாலும் சரி, நம்ம செகண்ட் இயர் பொண்ணா இருந்தாலும் சரி. பாடி முடிச்சு இறங்கினதும் போய் "போடலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. சுருதி விலகின பாட்டை மட்டும் வேண்டாம்னு சொன்னா, அதை விட்டுட்டு மத்ததைப் போடுங்க.