சக்கைன்னு யார் சொன்னது?

ஆரஞ்சு ஒயின்னு ஒண்ணு இருக்கு. பேரைக் கேட்டதும் வரும் முதல் கேள்வி, "ஆரஞ்சுப் பழத்துல பண்றதா?" என்பதுதான். இல்லை. அதற்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பச்சைத் திராட்சையில் செய்வது. கலர் மட்டும்தான் ஆரஞ்சு.

முதல்லயே சொல்லிடறேன், இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. நானும் அதை ருசி பார்த்தது கிடையாது. எனக்கு இதில் ஆர்வம் வந்தது அதன் பிராசஸைப் பற்றிப் படித்ததால்தான். நாம வரையும் ஃப்ளோ டயகிராம்களில் ஒரு அம்புக்குறி பக்கவாட்டில் வெளியே போகும். அதன் முனையில் 'வேஸ்ட்' என்று எழுதியிருக்கும். எது வேஸ்ட் என்பதை யார், எதை வைத்து முடிவு பண்றாங்க? இந்தக் கேள்விக்கு ஆரஞ்சு ஒயினை விட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குக் கிடைக்கவில்லை.

அடிப்படையில் இருந்து ஆரம்பிப்போம். ஒரு பன்னீர் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்க. தோல் கருப்பு, ஆனா உள்ளே இருக்கிற சதை வெளிர் பச்சை. பெரும்பாலான கருப்புத் திராட்சைகளில் இதே கதைதான், நிறம் முழுக்கத் தோலில் இருக்கும். அதனால் சிவப்பு ஒயினுக்குத் திராட்சையை நசுக்கித் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவாங்க. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து, சக்கையை ஒதுக்கிவிட்டு, சாறை மட்டும் நொதிக்க விடுவாங்க. ஆரஞ்சு ஒயின் என்றால், பச்சைத் திராட்சையை எடுத்துச் சிவப்பு ஒயின் மாதிரி பண்றது. அவ்வளவுதான் வித்தியாசம். சாறு தோலோடு சில நாள், சில வாரம், சில இடங்களில் பல மாதம் கிடக்கும்.

ஆனால் அந்த ஒரு மாற்றம் எல்லாத்தையும் மாத்திடுது. தோலிலும் கொட்டையிலும் டானின் இருக்கு. டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்க விட்டால் நாக்கில் ஒட்டுகிற மாதிரி ஒரு துவர்ப்பு வருமே, அதே ஜாதி. அது சாறில் இறங்கும். நிறம் அடர் தேன் கலருக்குப் போகும். குடித்தவர்கள் உலர்ந்த ஆப்ரிகாட், டீ, வால்நட் வாசனை என்றெல்லாம் எழுதுகிறார்கள். இதை விட எனக்கு முக்கியமாகப் பட்டது டானின் பார்க்கும் மற்ற வேலைகள். ஆக்சிஜன் வந்தால் அதோடு தானே வினைபுரிந்து ஒயினைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது. ஒயினைக் கலங்க வைக்கும் புரதங்களைப் பிடித்து அடியில் படிய வைக்கிறது.

இப்போ வெள்ளை ஒயின் பக்கம் வாங்க. தோலை முதல் ஸ்டெப்பிலேயே தூக்கிப் போட்டாச்சு. அப்போ அது பார்த்த வேலையை வேறு யாராவது பார்க்கணும். ஆக்சிஜனில் இருந்து காக்க சல்ஃபர் டைஆக்சைடு, மந்த வாயு, குளிர். புரதத்தைப் பிடிக்க பென்டோனைட். ஆமாம், சிவில் நண்பர்கள் பைல் ஃபவுண்டேஷன் தோண்டும்போது குழி சரியாமல் இருக்க ஊற்றுகிற அதே களிமண்தான். ஒரு பாகத்தைக் கழற்றினோம், அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இரண்டு மூன்று வேலைக்கு இரண்டு மூன்று புது பாகம் சேர்த்தோம்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூலிங் ஜாக்கெட் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியதால்தான் வெப்பமான ஊர்களிலும் தெளிவான, பழ வாசனையுள்ள வெள்ளை ஒயின் சாத்தியமாச்சு. அது உண்மையான இன்ஜினியரிங். என் பிரச்சினை அதற்கு அடுத்த ஸ்டெப்பில் இருக்கு. புது முறை வந்ததும் "ஒயின்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஒரு அளவுகோல் உருவாகிறது. பிறகு அந்த அளவுகோலை வைத்துப் பழைய முறையை அளந்து, அது ஃபெயில் என்கிறோம்.

அந்தப் பழைய முறை இன்றும் உயிரோடு இருக்கும் இடம் ஜார்ஜியா. அமெரிக்க மாநிலம் இல்லை, காகசஸ் மலைப் பக்கம் இருக்கிற நாடு. அங்கே க்வெவ்ரி என்று ஒரு மண்தாழி. முட்டை வடிவம், அடி கூம்பாக இருக்கும். சில நூறு லிட்டரில் இருந்து சில ஆயிரம் லிட்டர் வரைக்கும் பிடிக்கும். சக்கரத்தில் வைத்துச் சுற்றாமல், களிமண்ணைச் சுருள் சுருளாக அடுக்கிக் கையாலேயே எழுப்புகிறார்கள். சுட்ட பிறகு உள்பக்கம் தேன்மெழுகு பூசி, கழுத்து வரைக்கும் மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். கிழக்கே ககெத்தி வட்டாரத்தில் ர்கட்சிதெலி போன்ற பச்சைத் திராட்சையை நசுக்கி, சாறு, தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றையும் உள்ளே போடுகிறார்கள். நொதித்து முடிந்ததும் மூடி போட்டுச் சீல் வைக்கிறார்கள். ஐந்து, ஆறு மாதம் கழித்துத் திறக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதை மியூசியம் பொருளாகப் பார்க்காமல் ஒரு டிசைனாகப் பாருங்க. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது வெப்பம் வெளியே வரும். வெப்பம் ரொம்ப ஏறினால் ஈஸ்ட்டே செத்துவிடும். தாழியைச் சுற்றி இருக்கிற மண் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை வெளிக்காற்று மாதிரி ஏறி இறங்குவதில்லை, அதனால் மாதக்கணக்கில் ஏசி போட்ட மாதிரி. நொதித்தல் அடங்கியதும் கொட்டைகள் கூம்பான அடியில் போய் உட்காரும், அதன் மேல் தோலும் ஈஸ்ட் வண்டலும் படியும். இதனால் கொட்டையின் கசப்பு ஒயினுக்குள் அதிகம் இறங்காது. கரண்டும் இல்லை, சென்சாரும் இல்லை. வடிவமும் மண்ணும் சேர்ந்து கண்ட்ரோல் பண்ணுது.

சோவியத் காலத்தில் இது ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்டது. அரசு ஆலைகளுக்கு வேண்டியது அளவு. எவ்வளவு டன், எவ்வளவு லிட்டர் என்பதுதான் கணக்கு. நூற்றுக்கணக்கான உள்ளூர்த் திராட்சை வகைகள் இருந்த நாட்டில், அதிகம் காய்க்கும் சில வகைகளே வயல்களை நிரப்பின. 1985-இல் கோர்பச்சேவ் ஆரம்பித்த மதுவிலக்குப் பிரச்சாரத்தில் திராட்சைத் தோட்டங்களையே பிடுங்கினார்கள். க்வெவ்ரி பிழைத்தது கிராமத்து வீடுகளில்தான். வீட்டுக்கு வேண்டியதை அவரவர் தாழியில் போட்டுக்கொண்டார்கள். யாரும் 'பாரம்பரியத்தைக் காக்கிறோம்' என்று போர்டு வைக்கவில்லை. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்த சந்தை 2013 வரை மூடிக் கிடந்தது. புது சந்தை தேட வேண்டிய கட்டாயத்தில், மற்ற நாடுகளிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கு என்று பார்த்தபோது, கொல்லைப்புறத்துத் தாழிக்கு மறுபடியும் மதிப்பு வந்தது.

வெளியுலகத்துக்கு இதைக் கொண்டுபோனதில் இத்தாலி–ஸ்லோவேனியா எல்லையில் இருக்கிற ஒஸ்லாவியா என்ற சின்ன ஊருக்குப் பெரிய பங்கு. அங்கே யோஷ்கோ கிராவ்னர் ஸ்டீல் டேங்க், புது ஓக் பீப்பாய் என்று அப்போதைய லேட்டஸ்ட் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பேர் வாங்கியவர். 1987-இல் கலிஃபோர்னியா போய் அங்கே செய்யும் ஒயின்களைப் பார்த்துவிட்டு, நாம போகிற பாதையும் இங்கேதான் வந்து முடியும் போல என்று வெறுத்துத் திரும்பினார். 2000-இல் ஜார்ஜியா போனார். 2001 அறுவடையில் இருந்து க்வெவ்ரிக்கு மாறினார். பக்கத்திலேயே ஸ்டாங்கோ ராடிகோன் 1995-இல் ரிபோல்லா ஜல்லா என்ற தடித்த தோல் திராட்சையைத் தோலோடு நொதிக்க விட்டார். அவருக்கு அது புதுசு இல்லை, தாத்தா செய்த முறை. இருவரின் ஒயினும் 'வெள்ளை ஒயின்' என்ற சட்டத்துக்குள் அடங்கவில்லை. கொல்லியோ வட்டாரத்தின் தர முத்திரைக்கு வெளியே, அதை விடத் தளர்வான பிரிவில்தான் விற்றார்கள். இன்னொரு வேடிக்கை, 'ஆரஞ்சு ஒயின்' என்ற பெயரே 2004-இல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி வைத்தது. செய்கிறவர்களுக்கு அது வெறும் ஒயின்.

சரி, அப்போ பழசெல்லாம் சூப்பர், புதுசெல்லாம் மோசம்னு சொல்ல வர்றேனா? அதுவும் கிடையாது. இப்போது இந்த ஒயினைச் சுற்றி நடக்கும் விளம்பரத்தில் எனக்கு இரண்டு ஆட்சேபணை இருக்கு.

முதலாவது, '8000 வருடமாக மாறாத முறை' என்ற பேச்சு. ஜார்ஜியாவில் கடாச்ரிலி கோரா, ஷுலவேரி கோரா என்ற இடங்களில் கிடைத்த பானை ஓடுகளில் கி.மு. 6000 அளவிலான ஒயின் எச்சம் இருப்பது 2017-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ரசாயன எச்சம் உள்ளே திராட்சை ஒயின் இருந்தது என்பதைத்தான் சொல்லும். பச்சைத் திராட்சையா, தோலோடு மாதக்கணக்கில் கிடந்ததா என்றெல்லாம் சொல்லாது. டேட்டா சொல்லாததை லேபிள் சொல்லக் கூடாது.

இரண்டாவது, 'இயற்கையானது' என்ற ஒரே வார்த்தையை வைத்துத் தப்பை மறைப்பது. தோலோடு நொதிக்க விடுவது ஒரு டெக்னிக், அவ்வளவுதான். அதைச் சுத்தமாகவும் செய்யலாம், அழுக்காகவும் செய்யலாம். வினிகர் வாசனை அடித்தால் அது பாரம்பரியத்தின் மணம் இல்லை, பாக்டீரியாவின் வேலை. க்வெவ்ரியைக் கழுவுவது பெரிய உழைப்பு. புதைந்து கிடக்கிற தாழியில் விரிசல் விட்டால் வெளியே தெரியாது. இவை உண்மையான குறைகள். அதனால்தான் இன்று நல்ல ஒயின் செய்கிறவர்கள் பலர் தாழியையும் லேப் டெஸ்ட்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜியாவின் மொத்த உற்பத்தியில் க்வெவ்ரி ஒயின் இப்போதும் சின்னப் பங்குதான், மீதி ஸ்டீல் டேங்கில் நடக்குது. இரண்டும் இருக்கட்டும்.

இதில் நமக்கு என்ன இருக்குன்னு கேட்பீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஃபார்மட்டை எடுத்துப் பாருங்க. 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே 'டிஸ்அட்வான்டேஜஸ்'. அடுத்து 'ப்ரொபோஸ்டு சிஸ்டம்', அதற்குக் கீழே 'அட்வான்டேஜஸ்'. இந்த ஃபார்மட்டில் பழைய சிஸ்டத்துக்கு ஒரு நல்ல குணம்கூட எழுத இடமே இல்லை! இப்போது இருப்பது எதனால் இத்தனை வருடம் தாக்குப் பிடித்தது, யாருக்கு என்ன வேலை பார்த்துக் கொடுக்குது என்று கேட்காமலேயே அதற்கு மாற்று எழுதுகிறோம். நாளைக்கு வேலைக்குப் போனதும் இதையே ஒரு ஃபேக்டரியிலோ, ஒரு ஊரிலோ செய்வோம். அங்கே 'வேஸ்ட்' என்று அம்புக்குறி போட்டு வெளியே தள்ளுவது திராட்சைத் தோலாக இருக்காது. ஒரு பழக்கமாக இருக்கலாம், ஒரு தொழிலாக இருக்கலாம், அந்த வேலை தெரிந்த மனிதர்களாக இருக்கலாம். க்வெவ்ரி செய்யத் தெரிந்த குடும்பங்கள் ஜார்ஜியாவில் சில கிராமங்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கு. இன்னும் ஒரு தலைமுறை அதை யாரும் கேட்காமல் இருந்திருந்தால், கிராவ்னர் 2000-இல் அங்கே போய்த் தாழி வாங்க ஆளே இருந்திருக்காது.

அதனால் ஜூனியர்ஸுக்கும், இன்னும் ரிப்போர்ட் முடிக்காத என் பேட்ச்மேட்ஸுக்கும் ஒரு வேண்டுகோள். 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்' சாப்டரில் ஒரே ஒரு பக்கம் கூடச் சேருங்க. அதில் பழைய சிஸ்டம் பார்க்கும் வேலைகளை எல்லாம், யாரும் கவனிக்காத வேலைகள் உட்பட, வரிசையாக எழுதுங்க. அந்த வேலையைத் தினமும் செய்கிறவரிடம் போய்க் கேட்டு எழுதுங்க. அதில் எதெல்லாம் உங்க புது சிஸ்டத்தில் விட்டுப் போகுது, அதை ஈடுகட்ட என்ன செலவாகும் என்று பக்கத்திலேயே போடுங்க. அதற்குப் பிறகும் உங்க டிசைன்தான் பெட்டர்னு தெரிஞ்சா, தாராளமா மாத்துங்க. கைடு "இது ஃபார்மட்லயே இல்லையே"ன்னு கேட்டா, ஆரஞ்சு ஒயின் கதையைச் சொல்லுங்க.