½ என்று எழுதும் டாக்டரே, நீங்கள் ஒரு மாத்திரையை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

நீளமான இழை. கொஞ்சம் கோபமும் இருக்கும். சக டாக்டர்கள் கோவிச்சுக்காம கடைசி வரை படிங்க.

சீட்டில் ½-0-½ என்று எழுத நமக்கு இரண்டு நொடி. அதைச் செய்து முடிக்க வேண்டியது யார்? கண்புரை வந்த, விரல் மூட்டு வீங்கிய எழுபது வயது அம்மா. சமையல் மேடையில், பாக்குவெட்டியோட.

"அரை மாத்திரைய எப்படிம்மா போடறீங்க?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்க. ஆட்டையாம்பட்டிப் பக்கம் எனக்குக் கிடைக்கிற பதில்கள்: "பல்லுல கடிச்சுக்குவேனுங்க." "பேரன் பிளேடுல கீறித் தருவானுங்க." "பாக்குவெட்டில வெச்சா பாதி எங்கயோ தெறிச்சிருதுங்க, கெடச்சதப் போட்டுக்கறது." எல்லாத்துக்கும் மேல இது: "ஒரு நாள் முழுசு போட்டுட்டு மறுநாள் விட்டுட்டா கணக்கு சரியாப் போச்சுங்களே?"

கணக்கு சரிதான். உடம்பு அந்தக் கணக்குல ஓடாது. அட்டெனலால் மாதிரி ஒரு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், போடாத நாளில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும்.

இது கை முறுக்கு சுற்றுகிற ஊர். அளவுகோல் இல்லாமல், தராசு இல்லாமல், ஒன்றுபோலவே நூறு முறுக்கு சுற்றும் கைகள் இங்கே இருக்கு. அந்தக் கையாலேயே ஒரு மாத்திரையைச் சரிபாதியாக்க முடியலைன்னா குற்றம் கையில் இல்லை. "நோயாளிகள் ஒழுங்கா சாப்பிடறதில்லை" என்று சலித்துக்கொள்வதை முதலில் நிறுத்துவோம்.

மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருந்தா சமமா உடையும்னு நம்பறோம். எல்லாக் கோட்டுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது, சிலது வெறும் அழகுக்கு. ஐரோப்பிய மருந்தியல் நூலில் இதற்கு ஒரு சோதனை உண்டு: முப்பது மாத்திரையைக் கையால் உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை எடை போடணும். சராசரியில் 85-லிருந்து 115 சதவீதத்துக்கு வெளியே ஒரு பாதிக்கு மேல் போகக்கூடாது. 75-125-ஐ ஒன்றுகூடத் தாண்டக்கூடாது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2013-ல் கோடு போட்ட மாத்திரைகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நம்ம ஊரில் நோயாளிக்கு யாராவது "இது வெட்டலாம், இது வெட்டக்கூடாது" என்று சொல்கிறோமா? சீட்டு எழுதறவரும் சொல்றதில்ல, கடைக்காரரும் சொல்றதில்ல.

நியாயமா ஒன்று சொல்லணும். பாதி கொஞ்சம் ஏறக்குறைய இருந்தாலே ஆபத்து என்று பயமுறுத்த நான் வரலை. 5 மில்லிகிராம் அம்லோடிபின் மூணும் ரெண்டுமா உடைஞ்சாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. அதன் பாதி ஆயுட்காலம் 30 முதல் 50 மணி நேரம். இன்னிக்கு ஒரு பாதி, நாளைக்கு அதே மாத்திரையின் மறுபாதி என்று போட்டால் சமனாகிவிடும். தைராக்ஸினுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரம், அதிலும் அப்படியே. ஆனா அந்த மறுபாதி அடுப்படியில் ஈரம் பட்டுக் கிடக்கக்கூடாது. தைராக்ஸினுக்கு ஈரமும் சூடும் ஆகாது.

பயப்பட வேண்டிய இடம் வேற. வால்வு ஆபரேஷன் ஆனவங்க போடற ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகள், டிகாக்ஸின், வலிப்பு மாத்திரைகள். இவற்றில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விஷயம் பெரிசு.

அதைவிடப் பெரிய இடம், வெட்டவே கூடாததை வெட்டறது. மெதுவாகக் கரையும்படி செய்த சர்க்கரை மாத்திரை தொண்டையில் இறங்க மாட்டேங்குதுன்னு ரெண்டா உடைக்கிறாங்க. பல மணி நேரத்தில் இறங்க வேண்டிய மருந்து சீக்கிரமே இறங்கிடும். மெட்பார்மின் என்றால் வயிறு கலங்கும். நிபெடிபின் ரிடார்ட் என்றால் பிரஷர் சரசரன்னு இறங்கி ஆள் மயங்கி விழலாம்.

பெயரில் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல், சிஆர், ரிடார்ட் இருந்தா கவனம் என்று எல்லாரும் சொல்றாங்க. அது மட்டும் போதாது. கிளிமெபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரைகளைப் பாருங்க. முன்பக்கம் பெயரும் ஒரு எண்ணும்தான் இருக்கும். அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், 'புரோலாங்டு ரிலீஸ்' என்று இருக்கும். இதுக்கு அரை மாத்திரை எழுதின சீட்டுகளை நான் பார்த்திருக்கேன். எழுதியவர் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மெதுவாக இறங்கும் மெட்டோப்ரோலாலில் கோட்டில் பாதியாக்கலாம், நசுக்கவோ மெல்லவோ கூடாது என்ற வகையும் இருக்கு. அதனால் நீங்களா முடிவு பண்ணாதீங்க, கேளுங்க.

குடலில் போய்க் கரையும்படி மேல் பூச்சு போட்ட பான்டோபிரசோலும் அப்படித்தான். உடைச்சா வயிற்று அமிலமே அதை அழிச்சிடும். "மாரடைப்புக்கு ஆஸ்பிரினை மட்டும் மெல்லச் சொல்றீங்களே?" என்பீங்க. அது அவசரம். அங்கே வேகமா ரத்தத்தில் ஏறணும். தினசரி மாத்திரைக்கு அந்த விதி இல்ல.

இத்தனைக்கும் பாதி சீட்டுகளில் அரை மாத்திரைக்குத் தேவையே கிடையாது. அம்லோடிபின் 2.5 இருக்கு. கிளிமெபிரைடு 1 இருக்கு. அட்டெனலால் 25 இருக்கு. தைராக்ஸினில் 12.5-லிருந்து வரிசையா இருக்கு. நமக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கச் சோம்பல், அவ்வளவுதான். இன்னொன்று, அவசரமாகக் கிறுக்கிய 1/2 கடையில் 'ஒன்று அல்லது இரண்டு' ஆகிவிடும். "அரை" என்று தமிழில் எழுத என்ன கேடு?

காசுக்காக வெட்டறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தறி ஓட்டறவர், ஜவ்வரிசி மில்லுக்குப் போறவர், பெரிய மாத்திரையும் சின்னதும் கிட்டத்தட்ட ஒரே விலையா இருந்தா பெரிசை வாங்கிப் பாதியாக்கத்தான் செய்வாங்க. எந்த மாத்திரையில் அது முடியும் என்று சொல்ல வேண்டியது நம்ம வேலை.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வாசலுக்கே கொண்டு வருது. நல்ல திட்டம், மனசாரப் பாராட்டறேன். அரை மாத்திரை சாப்பிடுகிற வீட்டுக்கு ஒரு பில் கட்டரும் சேர்த்துக் கொடுங்க. இருநூறு ரூபாய்க்குள் முடிகிற பிளாஸ்டிக் டப்பா. மருந்துக் கழகம் மொத்தமா வாங்கினா இன்னும் குறையும். அதைவிட நல்லது, சின்ன அளவு மாத்திரைகள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பில் இருக்கிற மாதிரி பார்த்துக்கறது.

வெட்டியே ஆகணும்னா: கை காய்ந்திருக்கணும். கட்டரின் முக்கில் மாத்திரையை ஒட்டி வெச்சு, கோடு பிளேடுக்கு நேரா வர்ற மாதிரி பார்த்து, ஒரே அழுத்து. ராவக்கூடாது. ஒரு நேரத்துக்கு ஒரே மாத்திரை. மறுபாதிதான் அடுத்த வேளைக்கு. மாசத்துக்கும் சேர்த்து வெட்டி டப்பாவில் போட்டு வைக்காதீங்க. பொடியா நொறுங்கினதைத் தூக்கிப் போடுங்க. வேற மாத்திரை வெட்டும் முன் கட்டரைத் துடைங்க. அந்தப் பிளேடு குழந்தை கைக்கு எட்டக்கூடாது. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட்டை வீட்டில் யாரும் வெட்ட வேண்டாம், கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

கடையில் கத்திரியால் அட்டையை நறுக்கிக் கொடுத்தா, பெயரும் காலாவதி தேதியும் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்க.

கால் மாத்திரை? வேண்டாம். பாதியே சரியா வராதப்ப காலுக்கு எங்கே போறது. "குழந்தைக்குப் பெரியவங்க மாத்திரையில கால் தரலாமா டாக்டர்" என்று இன்பாக்ஸில் கேட்கறவங்களுக்கும் இதே பதில்தான். அரசு தரும் துத்தநாக மாத்திரையை 2 முதல் 6 மாதக் குழந்தைக்குப் பாதி, தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கச் சொல்வாங்க. அது கரைவதற்கென்றே செய்தது. மத்ததுக்குச் சொட்டு மருந்தும் சிரப்பும் இருக்கு. குழந்தையைக் கூட்டிட்டுப் போய், எடை பார்த்து, உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.