‘வர வேண்டாம்’ என்றால் சலுகையா, உத்தரவா? கொரியனில் இந்தக் குழப்பம் இல்லை!

கேத்தியில் காலையிலேயே கொட்டும் மழை. குன்னூரில் இருக்கும் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘இன்னைக்கு வர வேண்டாம்.’

இதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? மழைக்காகத் தரும் சலுகையா, ‘வராதே’ என்ற உத்தரவா? மாதச் சம்பளக்காரர் மறுபடி போர்வைக்குள் போய்விடலாம். தேயிலைத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கோ அது ஒரு நாள் வருமானம்.

சிக்கல் ‘வேண்டாம்’ என்ற சொல்லில்தான். ‘கட்டாயமில்லை’, ‘கூடாது’ இரண்டுக்கும் அதையே பயன்படுத்துகிறோம்.

கே-டிராமா பார்த்து கொரியன் கற்கத் தொடங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். ‘ஓஜி மாசேயோ’ என்றால் ‘வராதீங்க’. ‘அன் வாடோ ட்வேயோ’ என்றால் ‘வரணும்னு கட்டாயம் இல்லை’. இரண்டாவதைப் பிரித்துப் பாருங்கள். ‘அன்’ எதிர்மறை. ‘வாடோ’ என்பது ‘வந்தாலும்’. ‘ட்வேயோ’ என்பது ‘ஆகும், சரி’. ஆக, ‘வராவிட்டாலும் சரி’!

கட்டாயத்தைச் சொல்லவும் அதே வினைதான்: ‘வாயா ட்வேயோ’. நாம் ‘வந்தே ஆகணும்’ என்று சொல்வதைப் போலவே இல்லையா?

உடனே ‘தமிழிலிருந்துதான் கொரியன் வந்தது’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட வேண்டாம். (இந்த ‘வேண்டாம்’ கண்டிப்பானது!) இரண்டிலும் வினை கடைசியில் வரும், விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டும். அமைப்பில் ஒற்றுமை உண்டு. ஆனால், ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

நம்மிடம் அந்த வாக்கியம் இல்லாமல் இல்லை. ‘வரலைன்னாலும் பரவாயில்லை’ என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். முடிவை எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கும் வாக்கியம் அது. ஆபீஸ் மெசேஜ் என்று வந்துவிட்டால் மட்டும் ‘வேண்டாம்’ என்று சுருக்கிவிடுகிறோம்.

இலக்கணம் பாதி வேலையைத்தான் செய்யும். வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால், ‘பரவாயில்லை’ என்பதற்கு என்ன அர்த்தம்? கொரியனில் சொன்னாலும் கதை அதுதான். எனவே மேனேஜர்களே, அடுத்த மழைக்கு இப்படி டைப் செய்யுங்கள்: ‘வரலைன்னாலும் பரவாயில்லை, சம்பளம் பிடிக்க மாட்டோம்.’ அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.