பயிற்றுநர்கள் போவார்கள், இரசிகர்கள் இருப்பார்கள்

2022 செப்டெம்பரில் ஒரு ஞாயிறு இரவு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த எனது மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ஆளை அனுப்பிப்போட்டாங்கள்" என்றான். நெப்ராஸ்கா பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுநர் ஸ்கொட் புரொஸ்ட் பதவி நீக்கப்பட்டதைத்தான் அப்படிச் சொன்னான். பல மாதங்களாக அந்த நீக்கத்தை வேண்டி நின்றவன் அவன். ஆனால் அவனது குரலில் மகிழ்ச்சி இருக்கவில்லை. அந்தக் குரல் என்னைச் சிந்திக்க வைத்தது.

எமது வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. பெரும்பாலும் கையால் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க உதைபந்தாட்டம். அங்கு பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்கள் தொழில்முறை ஆட்டங்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. நெப்ராஸ்காவில் முதல்தரத் தொழில்முறை உதைபந்தாட்ட அணி கிடையாது. இருபது இலட்சம் அளவு மக்கள் வாழும் அந்த விவசாய மாநிலத்துக்கு லிங்கன் நகரிலுள்ள பல்கலைக்கழக அணிதான் எல்லாம். அங்குள்ள மெமோரியல் விளையாட்டரங்கில் 1962 நவம்பர் முதல் இன்றுவரை ஓர் ஆட்டத்துக்கேனும் நுழைவுச்சீட்டுகள் விற்காமல் எஞ்சியதாகக் கணக்கு இல்லை. எதிரணி வென்று வெளியேறும்போதும் எழுந்து நின்று கைதட்டும் வழக்கம் அந்த இரசிகர்களுக்கு உண்டு.

இத்தகைய மக்கள் ஏன் சினம் கொள்கிறார்கள்? பேராசை பிடித்தவர்கள், பழம்பெருமையில் வாழ்பவர்கள் என்று விளையாட்டு விமர்சகர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

வரலாற்றைப் பார்ப்போம். 1973 முதல் 1997 வரை 25 பருவகாலங்கள் டொம் ஒஸ்போர்ன் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். ஒவ்வொரு பருவகாலத்திலும் குறைந்தது 9 வெற்றிகள். ஆயினும் முதல் ஐந்து ஆண்டுகளிலும் பரம எதிரியான ஒக்லஹோமாவிடம் அவர் தோற்றார். 1987 முதல் 1993 வரையான ஏழு பருவகாலங்களின் இறுதியிலும் நடந்த கிண்ணப் போட்டிகளில் தொடர்ச்சியாகத் தோற்றார். பெரிய ஆட்டத்தை வெல்லத் தெரியாதவர் என்ற பழிச்சொல் அவரை விடாது துரத்தியது. முதலாவது தேசிய சம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டியது 1994 இல், அதாவது 22 ஆவது பருவகாலத்தில். அதன் பின்னர் 1995 இலும் 1997 இலும் பட்டங்கள் வந்தன. இன்றைய அவசரம் அன்றும் இருந்திருந்தால், அந்த மூன்று பட்டங்களும் அந்த ஊருக்கு வந்திருக்குமா?

ஒஸ்போர்னுக்குப் பின் வந்தவர் பிராங் சோலிச். 19 ஆண்டுகள் ஒஸ்போர்னின் உதவிப் பயிற்றுநராக இருந்தவர். தலைமைப் பயிற்றுநராக 58 வெற்றிகள், 19 தோல்விகள். 2002 இல் 7 வெற்றி, 7 தோல்வி என்று அணி சரிந்தபோது தமது உதவியாளர்கள் சிலரை அவர் மாற்றினார். மறு ஆண்டு 9 வெற்றிகள் பெற்றார். அந்த ஒன்பதாவது வெற்றி கொலராடோவுக்கு எதிராகக் கிடைத்த மறுநாளே, 2003 நவம்பரில், அவரைப் பதவியிலிருந்து நீக்கினார் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஸ்டீவ் பெடர்சன். அணி நடுத்தர நிலைக்கு வழுகிச் செல்வதை அனுமதிக்க முடியாது என்பது அவர் கூறிய காரணம். அதன்பின் புதியவரைத் தேடி ஏறத்தாழ 40 நாட்கள் கழிந்தன. தொழில்முறை ஆட்டத்திலிருந்து வந்த பில் கலஹான், ஓட்டத்தையே நம்பியிருந்த அணியைப் பந்தெறியும் அணியாக மாற்ற முயன்றார். 2004 இல், 1961 இற்குப் பிறகு முதற்தடவையாக, வெற்றிகளை விடத் தோல்விகள் அதிகமாயின.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. 2002 இன் சரிவுக்குப் பின் வெளியேறிய தடுப்பாட்டப் பயிற்றுநர் கிரெய்க் போல், வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, சற்றுச் சிறிய அணிகளுக்கான பிரிவில் 2011, 2012, 2013 என மூன்று தேசியப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றார். சோலிச் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அந்த அணி ஆடும் மத்திய அமெரிக்கக் கூட்டமைப்பின் வரலாற்றிலேயே அதிக வெற்றிகளைப் பெற்ற பயிற்றுநரானார். வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்கள் வேறிடத்தில் வென்றார்கள். அனுப்பிய இடத்தில்தான் வெற்றி இல்லாமற் போயிற்று.

ஆனால் பாடம் கற்கப்படவில்லை. 2008 இல் தலைமைப் பயிற்றுநரான போ பெலினி ஒவ்வோர் ஆண்டும் 9 அல்லது 10 வெற்றிகள் பெற்றார். 2014 நவம்பரில் அவரும் 9 வெற்றிகளுடன் நீக்கப்பட்டார். முன்னர் இரசிகர்களை அவர் வசைபாடிய ஒலிப்பதிவொன்று 2013 இல் வெளிவந்திருந்தது. ஆகவே அவருக்காகக் கண்ணீர் விட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. இரசிகர்களில் பலர் அந்த நீக்கத்தை வரவேற்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பின்னர் மைக் ரைலி வந்தார். அவருக்கு 19 வெற்றி, 19 தோல்வி. 2017 முதல் 2023 வரை ஏழு பருவகாலங்கள் தொடர்ச்சியாகத் தோல்விப் பருவகாலங்களாகவே முடிந்தன.

அப்படியானால் பொறுமை ஒன்றே மருந்தா? இல்லை என்பதற்கு ஸ்கொட் புரொஸ்ட்டே சாட்சி. அவர் மண்ணின் மைந்தர். 1997 இல் பட்டம் வென்ற அணியின் முன்னணி வீரர். 2021 இல் 3 வெற்றி, 9 தோல்வி என்ற நிலையிலும் அவருக்கு மேலும் ஓராண்டு வழங்கப்பட்டது. அந்த ஒன்பது தோல்விகளிலும் புள்ளி வித்தியாசம் பத்தைத் தொடவில்லை. தலைவரை வைத்துக்கொண்டு, அந்த நவம்பரில் உதவிப் பயிற்றுநர்கள் நால்வரை வெளியேற்றினார்கள். கப்பலில் ஓட்டை எங்கே என்று பாராமல் மாலுமிகளை மாற்றிய கதைதான் அது. மறு ஆண்டு தொடக்கத்திலேயே சொந்த மைதானத்தில் ஜோர்ஜியா சதர்ன் அணியிடம் 45 - 42 என்று தோற்றதும் புரொஸ்ட்டும் போனார். ஒக்டோபர் முதலாம் திகதி வரை காத்திருந்தால் அவருக்குரிய நட்டஈடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரங்கள் கூடக் காத்திராமல் சுமார் 15 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கினார்கள்.

இது நெப்ராஸ்காவின் நோய் மாத்திரம் அல்ல. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ பிஷரை நீக்கியபோது அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 75 மில்லியன் டொலருக்கும் அதிகம். தோற்றவருக்குச் செல்வம், தோல்வியைப் பார்த்திருந்தவனுக்கு அடுத்த ஆண்டும் நுழைவுச்சீட்டு.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் ஆசிரியர் திடீரென மாற்றப்பட்டார். வந்தவர் பக்கங்களை எல்லாம் புரட்டிப்போட்டார். வாசகர்களிடமிருந்து அஞ்சலட்டைகள் குவிந்தன. அவற்றைப் பிரித்து வாசிக்கும் பொறுப்பு எனக்கு. புதியவரைத் திட்டியவை சிலவே. "இவ்வளவு காலம் வாங்கிப் படிக்கிறோம், ஏன் மாற்றினீர்கள் என்று எங்களுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்பதே பெரும்பாலானவற்றின் சாரம். அந்த ஒரு வரியை நிர்வாகம் கடைசிவரை எழுதவில்லை.

மருமகனின் குரலில் நான் கேட்டதும் அதே குறையைத்தான். தோல்வியை அந்த இரசிகர்கள் தாங்கிக்கொள்வார்கள். 2004 இற்குப் பின் அவர்கள் தாங்கியதைப் போல வேறு யாரும் தாங்கியிருப்பார்களா என்பது சந்தேகம். எந்த அளவுகோலால் ஒருவர் நீக்கப்படுகிறார், எந்த அளவுகோலால் இன்னொருவர் காக்கப்படுகிறார் என்பது விளங்காமல் இருப்பதுதான் அவர்களைச் சினமூட்டுகிறது. ஒன்பது வெற்றி பெற்றவர் போதாதவராகி, மூன்று வெற்றி பெற்றவர் பொறுத்தருளப்பட்டால், அளவுகோல் என்று ஒன்று இருந்ததா?

எனவே நிர்வாகிகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவரை நியமிக்கும் அன்றே எதைக் கொண்டு அவரை மதிப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பகிரங்கமாக அறிவியுங்கள். அதன்படியே வைத்திருங்கள், அதன்படியே அனுப்புங்கள். இரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 22 ஆண்டுகள் காத்திருந்த உங்கள் முன்னோர்தான் 1994 ஐக் கண்டார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தலையைக் கேட்டால், இறுதியில் தலைகள் மட்டுமே உருண்டுகொண்டிருக்கும்.

2023 இல் மற் ரூல் பொறுப்பேற்றார். 2024 இல் 7 வெற்றி, 6 தோல்வி. எட்டு ஆண்டுகளின் பின் கிண்ணப் போட்டியொன்றில் ஆடி அதில் வென்றும் விட்டார்கள். அன்றும் மருமகன் அழைத்தான். "வெண்டிட்டம் மாமா" என்றான். ஏழு வெற்றிக்கு இவ்வளவு சந்தோசமா என்று நான் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அதே ஊரில் ஒன்பது வெற்றி பெற்றவர்களை அனுப்பிவிட்டார்கள் என்பதையும் நினைவூட்டவில்லை. அவனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.