மேஸ்திரி வேலைக்கா மூன்று வருஷம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நமது கடைக்காரர் வீடுகளில் ஒரே பேச்சு, பையனுக்குக் கம்ப்யூட்டர். சிவில் டிப்ளமோ என்றால் "மேஸ்திரி வேலைக்கா மூன்று வருஷம்?" என்று முகம் சுளிக்கிறோம். நாமும் பேரனிடம் அதையேதான் கேட்டோம்.

திண்டுக்கல்லில் நமது குடோன் கட்டியபோது மண் சோதனையும் இல்லை, பிளானும் இல்லை. எல்லாம் வாய்க்கணக்குதான். தளம் போட்டு இரண்டே நாள் தண்ணீர் விட்டோம். அவசரப்படுத்தியதும் நாமே. முதல் ஐப்பசி மழையில் தளம் ஒழுகித் துவரம்பருப்பு மூட்டைகள் பூசணம் பிடித்தன. சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்ததற்கு 10 நாள் நனைக்க வேண்டுமாம். கலவையில் தண்ணீர் கூடினால் பலம் குறையுமாம். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதித்துத்தான் போட வேண்டுமாம். பழைய மிளகாய் வற்றலை முகர்ந்தே கண்டுபிடிக்கும் நமக்கு இது தெரியவில்லை. மூன்றாம் வருஷம் படிக்கும் பேரன் சொல்லித்தான் தெரிந்தது.

2014-இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டதை மறந்துவிட்டோமா?

மதுரை தமிழ்நாடு பாலிடெக்னிக் 1946 முதல் நடக்கிறது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரே சேரலாம். தனியார் கல்லூரி என்றால் லேப் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். சாம்பிள் பார்க்காமல் லோடு எடுப்போமா?

பேரன் இனிக் கல்லாவில் உட்காரமாட்டான். வருத்தந்தான். குடோன் தளத்தை உடைத்துப் போட அவன் எழுதிய எஸ்டிமேட் நம் மேஜையில் இருக்கிறது.