கட்டணமும் களமும்

தாயில்பட்டியில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் என்பது பல நாள் உழைப்பின் ஊதியம். அதனை ‘வீரர் தேர்வு முகாம்’ என்னும் விளம்பரத்தை நம்பிச் செலுத்தலாமா?

கட்டண முகாம்கள் யாவும் பயனற்றவை அல்ல. சிலவற்றில் நல்ல பயிற்சி கிட்டும். எனினும், பயிற்சி வேறு, தேர்வு வேறு. அணியில் இடமளிக்கும் அதிகாரம் உடையோர் அங்கு வருகின்றனரா? இவ்வினாவிற்குத் தெளிவான விடை இல்லையெனில், பணத்திற்குக் கிடைப்பது சான்றிதழ் மட்டுமே.

சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கியவர். ஊரின் மூத்த வீரர் ஒருவரின் துணையோடு சென்னை சென்று, கிளப் போட்டிகளிலும் 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் ஆடினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்; 2020இல் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். தொடர்ந்து ஆடிய ஆட்டங்களே அவரை அடையாளம் காட்டின.

மாணவர்களே! குறுவட்டம் முதல் மாநிலம் வரையிலான பள்ளி விளையாட்டுப் போட்டிகளும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுகளும் உங்களுக்காகவே உள்ளன. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு, முதலில் அவற்றில் பங்கேற்பீர். பெற்றோரின் ஊதியத்தைக் காலணிக்கும் சத்தான உணவிற்கும் செலவிடுதலே நன்று.